ஒரு மூலை கருகிய கேக்

கடையில் விற்கும் கேக்கை நான் நம்புவதில்லை. பெட்டியின் மேல் ஒரு படம் இருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். கஜு, அதுதான் முந்திரி, போட்டது என்று எழுதியிருப்பான், கடித்துப் பார்த்தால் மலிவான கச்சான் கடலை. அதற்கு மேல் வெள்ளையாக ஒரு பூச்சு வேறு. வெடித்த சுவருக்குத்தான் தடிப்பாகச் சுண்ணாம்பு அடிப்பார்கள். கேக்கும் அப்படித்தான் என்பது என் எண்ணம்.

அதனால் லக்ஷிகா போனில் கடைக் கேக் வாங்கி வரச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது.

லக்ஷிகா எங்களுக்கு ஒரே பிள்ளை. பதுளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். ஆவணி மாதம் அவளை றொனிக்குக் கட்டிக் கொடுத்தோம். பையன் நல்லவன், குறை சொல்ல மாட்டேன். அவனுடைய தாய் சுபாஜினி பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் யாழ்ப்பாணம். றொனியின் பாட்டன் காலத்திலேயே பதுளைக்கு வந்துவிட்டார்கள், பேச்சு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. எங்களுடையது பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம், வரிசையாகக் காம்பரா கட்டிய லயத்தில்தான் வீடு. நான் பெக்டரியில் அடுப்புக்கு விறகு போட்டவன். என் பெண்சாதி நேசராணி இன்றைக்கும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறாள்.

இது லக்ஷிகாவுக்குத் தலைக் கிறிஸ்மஸ். பெண் வீட்டுக்காரர் கேக்கும் பலகாரமும் பரிசும் கொண்டுபோய் சம்பந்தி வீட்டு மேசையில் வைக்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கென்றே அவர்களுடைய சொந்தக்காரர் வருவார்கள். மேசையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் மருமகளுக்கு மரியாதை.

"அப்பா, வீட்டுல ஒண்ணும் செய்யாதீங்க. டவுன்ல நல்ல கேக்கா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. பெட்டியோட."

ஏன் என்று கேட்டேன். முதலில் சும்மாதான் என்றாள். விடாமல் கேட்டதும் சொன்னாள். கல்யாணத்தன்று றொனியின் தாய்மாமன் எங்கள் அதிரசத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இது லயத்திலே செய்ததோ என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். எனக்கு இது தெரியாது. நான் அப்போது பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

அதுதான் என்னைச் சுட்டது. அவர் கேட்டது பெரிதில்லை. டவுன்காரன் கேட்பான். என் மகள் பேசாமல் நின்றாளே, அதுதான். இந்தக் கிறிஸ்மஸுக்கு அந்த வீட்டு மேசையில் எங்கள் லயத்தில் செய்ததுதான் இருக்கும், அதற்குப் பக்கத்தில் என் மகள் நிமிர்ந்து நிற்பாள் என்று முடிவு செய்துவிட்டேன். போனில் அதைச் சொல்லவில்லை. பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

நேசராணி மகள் பக்கம். பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுத்தால் என்ன என்றாள். காசு இருந்தாலும் வாங்க மாட்டேன் என்றேன். காசும் இல்லை, அது வேறு கதை.

எங்கள் கேக்கில் என்ன இருந்தது என்று நான் ஒளிக்காமல் சொல்வேன். நீத்துப்பூசணி எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் காய்த்தது. அதைத் துண்டு போட்டு, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, சீனிப்பாகில் போட்டு எடுத்தால் கண்ணாடி மாதிரி நிற்கும். வேலியில் படர்ந்திருந்த சௌசௌவையும் அப்படியே செய்தேன். வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறிக்காரன் எனக்குத் தெரிந்தவன். முறிந்த கரட் ஒரு பை கொடுத்தான். அதுவும் பாகுக்குள் போனது. கஜுவுக்குப் பதிலாகப் பூசணி விதையைக் காயவைத்து வறுத்தேன். முட்டை எங்கள் கோழியுடையது. ரவையும் மாஜரினும் கொஞ்சம் பிளம்ஸும், அதாவது உலர்ந்த திராட்சையும்தான் கடையில் வாங்கியவை. ரவையைக்கூட நானே புடைத்துப் பார்த்தேன்.

பணக்காரர் வீட்டில் பிளம்ஸைப் பிரண்டியில் ஊறப் போடுவார்கள். எங்களிடம் இருந்தது தேயிலைத் தூள். நல்ல கடுஞ்சாயமாக ஊற்றி, கித்துள் கருப்பட்டியைக் கரைத்து, கராம்பும் கறுவாவும் தட்டிப் போட்டு, அதில் பிளம்ஸையும் பாகில் போட்ட துண்டுகளையும் ஊறவைத்தேன். பானையைத் திறந்தால் லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் மணக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொருவராக வந்து மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கூடவே நின்றேன். பார்ப்பது வேறு, எடுப்பது வேறு.

பரிசுகளும் வீட்டிலேதான் ஆயின. தோட்டத்தில் பழைய தேயிலையை வேரோடு பிடுங்கி ஒரு மலையைப் புதுப்பிக்கிறார்கள். அந்தக் கட்டைகளை விறகுக்கு எடுத்துக்கொள்ளலாம். அதில் கிளை கிளையாக நல்ல வளைவுள்ள ஒன்றைத் தேடி எடுத்து, பட்டை உரித்து, அரத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசினேன். சட்டை, குடை எல்லாம் மாட்டி வைக்கலாம். அது மருமகனுக்கு. நேசராணி தன் பழைய சேலைகளைக் கிழித்துப் பின்னி, சம்பந்தியம்மாவுக்குத் தரையில் விரிக்கும் விரிப்பு ஒன்று செய்தாள். மலையில் நின்று வந்த கையோடு உட்கார்ந்து பின்னினாள். ஒரு பூப்போட்ட சேலை நடுவில் வட்டமாக வந்தது. அதை நானே இரண்டு தடவை விரித்துப் பார்த்தேன். சுற்றிக் கொடுக்க கோதுமை மாப்பையின் மண்ணிறத் தாளை எடுத்துக்கொண்டோம். ஓர் உருளைக்கிழங்கை வெட்டி நட்சத்திரம் செதுக்கி, பீட்ரூட் சாற்றில் தொட்டுத் தாள் முழுக்க அச்சுக் குத்தினோம். கொஞ்சம் மங்கல்தான். நட்சத்திரம் என்று தெரிந்தது.

லயத்தில் கேக் சுட வசதி கிடையாது. டிசம்பர் வந்தால் இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் எல்லாம் மாவைக் குழைத்துத் தகரத் தட்டில் ஊற்றிப் பசறை பேக்கரிக்குத்தான் கொண்டுபோகும். பாண் சுட்டு எடுத்த பிறகு போறணையில் மிச்சமிருக்கும் சூட்டில் எல்லார் தட்டையும் சேர்த்து வைத்துத் தருவார்கள். செங்கல்லால் கட்டி விறகு எரிக்கும் பழைய போறணை. பேக்கரியை நடத்துவது ஸவாஹிரா. அவளுக்கு லக்ஷிகாவைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

போறணையின் அடிவரைக்கும் தட்டைத் தள்ளிவிட்டால் அப்புறம் அதை யார் பார்க்கிறது? வெளியே வருவது என்னுடையதுதான் என்று என்ன நிச்சயம்? அதே மாதிரித் தட்டு ஊரெல்லாம் இருக்கிறது. என் தட்டை வாசல் பக்கமாக வைக்கச் சொன்னேன். அந்த இடத்தில்தான் தணலை இழுத்து ஒதுக்கியிருந்தார்கள்.

"அண்ணன், இதுல வெச்சா தணல் பக்கத்து மூல கருகிப் போகும். உள்ளுக்கு வெக்கச் சொல்லுங்க," என்றாள் ஸவாஹிரா.

"பெக்டரி அடுப்புக்கு வெறகு போட்ட ஆளு நான். நெருப்பப் பத்தி எனக்குச் சொல்லாத தங்கச்சி. எங் கண்ணுக்கு முன்னால இருக்கட்டும்."

"கருகினா எனக்கிட்ட வரப்படாது."

வரமாட்டேன் என்று சொல்லி, போறணைக்கு எதிரே ஒரு மாப்பையைப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணை எடுக்கவில்லை. யாரும் என் தட்டைத் தொடவில்லை, மாற்றவில்லை. ஒரு மூலை கருகியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருகியது. ஸவாஹிரா தட்டை வெளியே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருக்கலாம்.

கருகினதை வெட்டி எறிந்துவிட்டுக் கொண்டுபோகலாம் என்றாள் நேசராணி. வெட்டினால் மூளிக் கேக். சுட்டது சுட்டபடி இருக்கட்டும் என்றேன். மற்ற மூன்று மூலையும் நடுவும் சரியான தேயிலை நிறத்தில் வந்திருந்தது. அப்படி ஒரு நிறத்தை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

கிறிஸ்மஸ் காலையில் தோட்டத்துக் கோயிலில் பூசை முடிந்ததும் பஸ் ஏறினோம். மழை. தேயிலைக் கட்டை பஸ்ஸில் ஓர் ஆள் அளவு இடம் பிடித்தது. கண்டக்டர் முணுமுணுத்தான், நான் காது கொடுக்கவில்லை. கேக் தட்டைத் துணியில் கட்டிப் பைக்குள் வைத்து மடியிலேயே வைத்திருந்தேன்.

சம்பந்தி வீட்டு வாசலில் சுபாஜினியம்மா நின்றார். வாங்கோ வாங்கோ என்று கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போனார். அந்தத் தாய்மாமன் முன்பே வந்து சோபாவில் சாய்ந்திருந்தார். மேசைக்கு நல்ல விரிப்பு போட்டிருந்தது. நடுவிலே ஒரு கேக். வெள்ளைப் பூச்சு, ஓரத்தில் பச்சை இலை, சிவப்புப் பழம். பக்கத்திலேயே அதன் பெட்டி.

"கேக் நேற்றே வந்திட்டுது. ஏன் இவ்வளவு செலவழிச்சனீங்கள்?" என்றார் சுபாஜினியம்மா.

எனக்கு விளங்கவில்லை. நான் எந்தக் கேக்கையும் அனுப்பவில்லை. லக்ஷிகாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். நேசராணி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த அழுத்தலில்தான் விளங்கியது. மகள் தன் சம்பளத்தில் கடைக் கேக் வாங்கி, அப்பா அனுப்பினது என்று சொல்லி மேசையில் வைத்திருக்கிறாள். தாய்க்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாய்வரைக்கும் வந்துவிட்டது. நான் மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிற ஆள் இல்லை; தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் வாயைத் திறந்தால் அந்த இடத்திலேயே என் மகள் பொய்க்காரி. நான் கேக்கைச் சுமந்து வந்தது அவள் அந்த வீட்டில் நிமிர்ந்து நிற்பதற்கு, கூனிப் போவதற்கு இல்லை. பையின் வாயை இறுக்கிப் பிடித்தேன். அது அங்கேயே கிடக்கட்டும், திரும்பக் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்தேன்.

தாய்மாமன் விடவில்லை. கேக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"உங்கட பக்கம் இப்பிடிக் கேக்கெல்லாம் எடுக்கலாமோ? எந்தக் கடையில எடுத்தனீங்கள்?"

பெட்டி தலைகீழாக இருந்தது. பெயரைப் பார்க்கலாம் என்றாலும் எனக்கு எழுத்துக் கூட்ட நேரமாகும்.

"தெரியாதுங்க," என்றேன்.

"வாங்கின ஆளுக்கே கடை தெரியாதோ?"

அவர் சிரித்தார். றொனி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் லக்ஷிகா வந்து என் முன்னால் நின்றாள். முகம் சிவந்திருந்தது, குரல் சரியாகத்தான் வந்தது.

"மாமா, அது அப்பா வாங்கினதில்ல. நான் வாங்கி அப்பா பேரச் சொன்னேன். அப்பா செஞ்சது அவரு காலடியில இருக்கு."

 அவள் குனிந்து பையை எடுத்தாள். நான் முதலில் விடவில்லை. அவள் இழுத்தாள், விட்டேன். துணியை அவிழ்த்ததும் அந்தச் சாயமும் கராம்பும் கூடம் முழுக்க மணத்தது. கருகின மூலை அவள் பக்கமாகவே இருந்தது. அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"போறணை வாசல்ல வெச்சீங்களா?"

"ஆமா."

"ஸவாஹிரா அக்கா வேணாம்னு சொல்லியிருப்பாங்களே."

"சொன்னுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னப் பிள்ளையில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. கடைக் கேக்கைப் பிடித்து மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். என் தகரத் தட்டை நடுவில் வைத்தாள். கத்தியை எடுத்துத் துண்டு போட்டு, முதல் துண்டைத் தட்டில் வைத்துத் தாய்மாமன் முன்னால் நீட்டினாள்.

"இது லயத்துல செஞ்சதுதான் மாமா. சாப்பிடுங்க."

கல்யாணத்தன்று சொல்லாமல் விட்ட பதில். நேரம் பிந்தி வந்தாலும் முழுசாக வந்தது. நான் சோபாவில் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

சுபாஜினியம்மா டீச்சராக இருந்தவர் அல்லவா, முதலில் அதைத்தான் எடுத்தார். எனக்குப் பொய் சொல்லத் தேவையில்லைப் பிள்ளை, இனிச் சொல்லக்கூடாது என்றார். லக்ஷிகா சரி மாமி என்றாள். அத்தோடு அது முடிந்தது. பிறகு தானும் ஒரு துண்டு எடுத்தார். இந்தக் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்ன என்று நேசராணியிடம் கேட்டார். என் பெண்சாதி வேலியில் கிடந்த சௌசௌவின் கதையை ஆரம்பித்தாள். செய்தது நான், சொன்னது அவள். பரவாயில்லை.

தாய்மாமன் மென்றார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"பிரண்டி போட்டனீங்களோ?"

"இல்லீங்க. சாயம்."

"என்ன சாயம்?"

"தேயிலைச் சாயம். எங்க பெக்டரித் தூள்."

"தேத்தண்ணியிலயோ ஊறவைச்சனீங்கள்?" என்றார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. அவர் வாயை நான் எதிர்பார்க்கவும் இல்லை. இந்த மாதிரி ஆட்களின் வாயை நான் நம்புவதில்லை, கையைத்தான் பார்ப்பேன். கை மறுபடியும் தட்டுக்குப் போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும் போனது.

றொனி தேயிலைக் கட்டையை வாசலருகே நிறுத்தினான். ஆட்டிப் பார்த்தான், ஆடவில்லை. மாமா இது எந்தக் கடையிலும் கிடைக்காது என்றான். எனக்குத் தெரியும் என்றேன். வெளியே மழை விடவில்லை. தாய்மாமனின் நனைந்த குடைதான் அதில் முதலில் தொங்கியது. விரிப்பை சுபாஜினியம்மா தரையில் போடவில்லை. மிதிக்கிறதுக்கு மனமில்லை என்று சொல்லித் தன் சாய்வு நாற்காலியில் விரித்தார். தரையில் போடத்தான் செய்தது என்று நான் சொன்னேன். நேசராணி மறுபடியும் முழங்கையை அழுத்தினாள்.

புறப்படும்போது என் தட்டைக் கேட்டேன். அதில் ஒன்றும் மிச்சமில்லை, கருகின மூலை மட்டும் கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை, எடுத்திருந்தால்தான் ஆச்சரியம். பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. அது நம்மிடமும் உண்டு, அவர்களிடமும் உண்டு. சுபாஜினியம்மா கடைக் கேக்கில் பாதிக்கு மேல் வெட்டி அந்தத் தட்டு நிறைய அடுக்கினார். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. லக்ஷிகா அதைத் துணியில் கட்டி பஸ் நிறுத்தம் வரைக்கும் தானே தூக்கி வந்தாள். பஸ் வந்ததும் என் மடியில் வைத்தாள்.

"அடுத்த வருஷம் உள்ளுக்கு வைங்கப்பா," என்றாள்.

பார்க்கலாம் என்றேன்.

லயத்துக்கு வந்து சேரும்போதே எல்லோரும் வெளியே நின்றார்கள். தட்டில் என்ன வந்திருக்கிறது என்று பார்க்கத்தான். நேசராணி துணியை அவிழ்த்தாள். வெள்ளைப் பூச்சைப் பார்த்ததும் பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தன. யார் வாங்கினது என்று ஒருவர் கேட்டார். சம்பந்தி வீட்டிலா என்று இன்னொருவர் கேட்டார்.

"என் மக வாங்கினது. அவ சம்பளத்துல," என்றேன். இரண்டு தடவை சொன்னேன், கடைசிக் காம்பராவில் இருப்பவருக்குக் கொஞ்சம் காது மந்தம்.

எல்லோருக்கும் கொடுத்து முடிந்த பிறகு எனக்கும் ஒரு துண்டு வந்தது. பூச்சை வழித்துப் பக்கத்தில் வைத்தேன். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. கச்சானாகத்தான் இருக்கும் என்று கடித்தேன்.

கஜு.

இன்னொரு பக்கத்திலும் கடித்துப் பார்த்தேன். அங்கேயும் கஜுதான். கடைக்காரன் நேர்மையானவன் என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். என் மகள் வாசித்துப் பார்த்து, கேட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து வாங்கியிருப்பாள். அவளை எவனும் ஏமாற்ற முடியாது. அவள் யாருடைய மகள்?